இவாகுராவின் கையெழுத்து

– இதை மட்டும் வெட்டச் சொல்லி என்னைக் கேக்காதேங்கோ, தங்கச்சி.

– வெள்ளை ஓரம்தானே, கீதன் அண்ணா. கீழ மட்டும் ரெண்டு விரல் அகலம்.

– அந்த ரெண்டு விரலுக்கைதான் பென்சில் கையெழுத்துக் கிடக்கு.

– ஆமா. அதைத்தான் வெட்டணும். ரப்பர் போட்டுப் பாத்தாச்சு, தடம் போகல.

– ரப்பர் போட்டனீங்களோ! நான் இந்தச் சான்ட்ரிங்ஹாம் கடையில பதினெட்டு வருஷமாப் படங்களுக்கு ஃபிரேம் போடுறன். சாமிப்படம், கலியாணப்படம், ஒருக்கா ஒரு பொடியன்ர பல்லு. கையெழுத்தை வெட்டச் சொல்லி ஒருத்தரும் வரேல்லை.

– பல்லா?

– ரக்பியில போன பல்லு. கண்ணாடி போட்டுக் குடுத்தனான். இது ஆர் செய்த படம் எண்டு தெரியுமோ?

– இவாகுரா. தெரியும்.

– அவரேதான். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சு பதிமூண்டு வருஷத்தால செய்த மர அச்சுப்படம். முந்தி ஜப்பானில ஒராள் கீறுவார், இன்னொராள் பலகையைச் செதுக்குவார், மூண்டாமாள் அச்சடிப்பார். இவரும் இவரின்ர கூட்டாளியளும், மூண்டையும் ஒராளே செய்தால்தான் கலை எண்டு நிண்டவை. சனிக்கிழமையில நான் த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு வகுப்பில அச்சுப்படம் பழக்கிறன். முதல் வகுப்பே இவரின்ர கதைதான்.

– அடுத்த தடவை கொஞ்சம் மாத்திச் சொல்லணும்ணா.

– ஏன்?

– அவர் வரைஞ்சதோட சரி. செதுக்கினது, அச்சடிச்சது ரெண்டும் அவர் வீட்டம்மா. ஃபுமினு பேரு.

– ஆர் சொன்னது?

– ரானுயில முதியோர் இல்லத்துல நர்ஸா இருக்கேன். அங்க நான் பாத்துக்கிறவங்க சொன்னாங்க. படமும் அவங்களோடதுதான்.

– ஞாபகமெல்லாம் சரியா இருக்கோ?

– என் ஷிஃப்ட் எனக்கு மறந்தாலும் அவங்களுக்கு மறக்காது. மொத்தம் நாப்பது படம் இப்படியாம். ஃபுமி அம்மாவுக்குக் கட்டைவிரல் மரத்துப்போயி, சாப்பிடக் குச்சியே பிடிக்க முடியலையாம். அப்பவும் உளியைத் துணியால கையோட கட்டிக்கிட்டுச் செதுக்கினாங்களாம். புருஷன் விருது வாங்கப் போன அன்னைக்கு, அவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டதும் ஃபுமி அம்மாதானாம்.

– படத்தில மழை விழுற இந்தக் கோடுகளைப் பாருங்கோ. தலைமயிர் மாதிரி. இருபது வருஷமாச் செதுக்கிப் பாக்கிறன், எனக்கு வரேல்லை.

– அப்ப நம்புறீங்க.

– கோடு நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னன். ஒரு மனுசன்ர பேரை வாய்ச்சொல்லைக் கேட்டு வெட்டி எறியேலாது. வகுப்பில எல்லாருக்கும் முன்னால நான் சொல்லி வைச்ச பேர்.

– எழுதியும் குடுத்திருக்காங்க. இந்தாங்க, இங்கிலீஷ்லயும் இருக்கு.

– ஆரும் எழுதலாம். அந்த மனிசிக்குக் கோவம் இருக்கும், விளங்குது. வேலையெல்லாம் தன்ர, பேர் அவரின்ர. ஆனா அவர் இப்ப போய்ச் சேந்திருப்பார். தனக்காகக் கதைக்க அந்தாள் வரமாட்டார் எல்லோ?

– எந்த மனிசியைச் சொல்றீங்க? ஃபுமி அம்மா போயி பதினோரு வருஷம் ஆச்சு. நான் பாத்துக்கிறது இவாகுராவைத்தான். வெளில என் கார்ல உக்காந்திருக்கார். நீங்க மாட்டேன்னுட்டா, கத்தியை மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னார்.