காலிப் படிக்கட்டு

– இந்த ஆணி எதுக்குய்யா? பெரிய படத்தை மாட்டியாச்சு. பக்கத்துல மொட்டையா ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது.

– அது இருக்கட்டும் சார்.

– என்ன இருக்கட்டும்? பதினோரு மணிக்கு மேயர் வந்து ரிப்பன் வெட்டப் போறார். சுவத்துல வெறும் ஆணியைப் பார்த்தா, இவனெல்லாம் ஒரு போட்டோகிராஃபரான்னு கேட்க மாட்டாரா? பிடுங்குங்க.

– உள்ளதைச் சொன்னா சார், அது நானா அடிச்சது இல்லை. அது வந்து... சார், வாசல்ல யாரோ உங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.

– மாமா.

– யாரு?

– என்ன மாமா, அடையாளம் தெரியலையா? ஏழு வருஷம் ஜெயில்ல இருந்தா கொஞ்சம் முடி கொட்டத்தான் செய்யும்.

– ஃப்ரேம்காரரே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

– இப்பத்தான் சார் குடிச்சேன்.

– இன்னொண்ணு குடிங்க! ஏணி இங்கேயே இருக்கட்டும்.

– அவர் பாவம் மாமா, எதுக்கு விரட்டுறீங்க? நான் சண்டை போட வரலை.

– எப்போடா வெளியே வந்தே? அடுத்த மாசம்னுல்ல சொன்னாங்க?

– ஒழுங்கா இருந்தேன்னு ஒரு மாசம் தள்ளுபடி. போன செவ்வாய்க்கிழமையே வந்துட்டேன். லாட்ஜ்ல இருக்கேன்.

– லாட்ஜா? உங்கக்காவுக்குத் தெரியுமா?

– போன் பண்ணேன். அழுதா. லாட்ஜ் பேரைக் கேட்டுக்கிட்டா. மாமாகிட்ட இப்போ சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்.

– ஒரு வாரமா என்னோட உட்கார்ந்து சாப்பிடுறா. ஒரு வார்த்தை சொல்லலையே!

– எல்லாப் படத்தையும் பார்த்துக்கிட்டேதான் வந்தேன் மாமா. ரயில் நிலையம், ஒரு பயணி இல்லை. ஆத்துப் பாலம், ஒரு சைக்கிள் இல்லை. லைப்ரரி கோபுரம், கீழே ஒரு குருவி இல்லை. முப்பது லட்சம் பேர் இருக்கிற ஊரு இது. அத்தனை பேரையும் எங்கே அனுப்பினீங்க?

– கட்டடம் பேசணும்னா ஆள் இருக்கக் கூடாது மாப்ளே. அது என் பாணி.

– இதுதானே அந்தப் படம்? டவுன் ஹால். மேல கடிகாரத்துல காலையில ஆறு பத்து. கீழே முப்பத்திரண்டு படி. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.

– இன்னிக்கு வேணாம்டா. கும்பிடுறேன்.

– கோர்ட்டுல இது தபால் அட்டை அளவுதான் இருந்துச்சு. இப்போ என்னைவிட உயரமா வளர்ந்து நிக்குது. என் வக்கீல்தான் இதைக் கேட்டு வாங்கினார், ஞாபகம் இருக்கா? “உன் அக்கா வீட்டுக்காரரே அந்த நேரத்துல அந்த இடத்தைப் படம் எடுத்திருக்கார்னா அப்புறம் என்னய்யா கவலை? நீ படியில இருந்தேன்னு படமே சொல்லுமே!” குதிச்சார் மனுஷன்.

– நான் எதிர்க் கட்டடத்துல, ஏழாவது மாடியில நின்னேன். அங்கேருந்து ஆளெல்லாம் எறும்பு. நீ வந்ததே எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

– தெரியாதுதான். நானாத்தான் வந்தேன். முதலாளிக்கு வண்டி ஓட்டி அலுத்துப் போச்சு, உங்க கேமரா பையைத் தூக்குற வேலையாவது கொடுங்கன்னு கேட்க வந்தேன். நான் இந்தப் படியில இருந்த நேரத்துல, எவனோ அங்கே முதலாளி வீட்டுக்குள்ள புகுந்து வாட்ச்மேன் மண்டையைப் பொளந்திருக்கான். கதவுச் சாவி இருந்தது என்கிட்ட. அவ்வளவுதான் கேஸ்.

– எல்லாம் தெரிஞ்ச கதைதானேடா.

– நீதிபதி உங்களைக் கேட்டது ஒரே கேள்வி. “அந்த நேரத்துல படிக்கட்டு காலியா இருந்துச்சா?” நீங்க என்ன சொன்னீங்க?

– “படத்துல இருக்கிறதுதான் ஐயா”ன்னேன்.

– அழகான பதில். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

– மாப்ளே...

– ஜெயில் லைப்ரரியில ஒரு போட்டோ புஸ்தகம் கிடைச்சுது மாமா. அட்டை கிழிஞ்சது. ஸ்டாண்டை அசைக்காம ஒரே இடத்தை நாற்பது தடவை எடுக்கணுமாம். நாற்பதையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா, நகர்ற ஆளெல்லாம் மறைஞ்சு போயிடுவாங்களாம். நகராதது மட்டும் நிக்குமாம். சரியா?

– சரி.

– அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. உங்ககிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு பயந்துக்கிட்டு நான் அந்தப் படியில ஏறி ஏறி இறங்கினேன். பேசாம ஒரு இடத்துல குத்த வச்சு உட்கார்ந்திருந்தா தப்பிச்சிருப்பேன், இல்லையா மாமா?

– உட்கார்ந்திருந்தா படத்துல விழுந்திருப்பே. ஆமா.

– அப்போ நாற்பதையும் நீங்க பார்த்திருக்கீங்க.

– மேயர் வர்ற நேரம்டா, அந்த ஏணியை ஓரமா தள்ளு.

– பார்த்தீங்களா, இல்லையா?

– பார்த்தேன்! உன்னைப் பிடிச்சுக்கிட்டுப் போன மறுநாளே உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தேன். முப்பத்தொரு ஷாட்ல நீ இருக்கே. நீலச் சட்டை. ஒண்ணுல தலையைச் சொறியறே. ஒண்ணுல, நான் இருக்கிற மாடியையே அண்ணாந்து பார்க்கிறே. போதுமா?

– அப்புறம் ஏன் மாமா?

– திங்கட்கிழமை இந்தப் படத்துக்காக எனக்குப் பரிசுன்னு அறிவிச்சாங்க. அதோட முதல் விதியே “படத்துல கைவேலை கூடாது”. வியாழக்கிழமை உன் கேஸ்ல சாட்சி. இது நாற்பதை அடுக்கின படம்னு கூண்டுல நின்னு சொன்னா பரிசு போச்சு, பேர் போச்சு. இருபது வருஷம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவன்டா நான். முதல் தடவையா ஊரு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. இந்த ஒரு படத்தை நம்பியா தீர்ப்பு எழுதுவாங்க, எப்படியும் உன்னை விட்டுடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். புதன்கிழமை நாற்பதையும் அழிச்சிட்டேன்.

– தீர்ப்புல மூணு இடத்துல அந்தப் படம் வருது.

– தெரியும். மனப்பாடமாவே தெரியும். இந்த ஹால்ல மொத்தம் அறுபது படம் மாட்டியிருக்கேன். நீ உள்ளே போனதுக்கப்புறம் எடுத்ததுல படிக்கட்டு இருக்கிற படம் ஒண்ணு காட்டு பார்ப்போம். கிடையாது. கோணத்தைத் திருப்பி, கூரையை மட்டும் எடுத்துட்டு வந்துடுவேன். படியைப் பார்க்கவே முடியலை மாப்ளே.

– பார்க்க முடியலைன்னாலும் இந்தப் படத்தைத்தான் நடுவுல மாட்டியிருக்கீங்க.

– இதைப் பார்க்கத்தான் ஊரே வருது. திட்டு. ரெண்டு அடி வேணாலும் அடி. ஆனா ஒண்ணே ஒண்ணு. உங்கக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம். உன்னை இடுப்புல வச்சு வளர்த்தவ. தெரிஞ்சா அந்த நிமிஷமே கதவைத் திறந்துக்கிட்டுப் போயிடுவா. இந்த வயசுல அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?

– அவளுக்காகத்தான் நானும் ஒரு வாரமா யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. மாசம் தவறாம வந்து பார்த்தா மாமா. எதுவும் பேச மாட்டா. அழுதுட்டுப் போயிடுவா. இந்த உலகத்துல என்னை முழுசா நம்பினது அவ ஒருத்திதான். அவ மனசை நான் உடைக்க மாட்டேன்.

– நீ நல்லா இருப்படா.

– இருங்க, இன்னும் முடியலை. இந்தக் கவரைப் பிரிச்சுப் பாருங்க.

– என்ன இது... டேய். டேய்! பதினேழாவது ஷாட்!

– நம்பர் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கீங்க.

– இதை நான் அழிச்சேன்டா! என் கையால அழிச்சேன்! எங்கேருந்து வந்துச்சு?

– முந்தாநாள் லாட்ஜ் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருந்தாங்க. பேரும் இல்லை, ஒரு வரியும் இல்லை. பேப்பர் ஓரத்தைப் பாருங்க, மஞ்சள் பூத்திருக்கு. பழைய பிரின்ட். இதை ஏழு வருஷமா யாரோ வச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. ஒரு நாள் எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்கு வந்திருந்தா போதும், நான் வீட்டுக்குப் போயிருப்பேன். உங்க மேலகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இல்லை மாமா. அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.

– ஸ்டுடியோவுல அப்போ ஒரு உதவியாள் இருந்தான். ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடுவோம். அவனாத்தான் இருக்கணும். பிரின்ட் போடுறவன் அவன்தான்.

– எங்கே இருக்கான் இப்போ?

– விசாரிக்கிறேன். இன்னிக்கு ரிப்பன் வெட்டி முடியட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.

– சார், டீ குடிச்சாச்சு. நீங்க சொன்னீங்களேன்னு ரெண்டு.

– நல்ல நேரத்துல வந்தீங்க. முதல்ல அந்த ஆணியைப் பிடுங்குங்க.

– பிடுங்குறதா? படம்தான் வந்துடுச்சே சார். அதோ தம்பி கையில இருக்கே.

– என்னய்யா உளர்றீங்க?

– உள்ளதைச் சொன்னா சார், உங்க வீட்டம்மாதான் நேத்து வந்து ஆணி அடிக்கச் சொன்னாங்க. “என் தம்பி ஒரு சின்னப் படத்தோட வருவான், வாங்கி இதுல போட்டுப் பெரிய படத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க”ன்னு இந்தக் காலி ஃப்ரேமையும் கொடுத்துட்டுப் போனாங்க.

– அக்காவா? எங்க அக்காவா சொன்னா?

– ஆமா தம்பி. கொடுங்க இப்படி. அளவு சரியா இருக்குமான்னு பயப்படாதீங்க, அம்மா அப்போ கொண்டு வந்த உங்க நீலச் சட்டைப் படத்தை வச்சுத்தானே அன்னிக்கு அளவெடுத்தேன். சாருக்குப் பரிசுன்னு சொன்னாங்களே, அதே திங்கட்கிழமை.