பாந்தெலிஸ் பதிச்ச கண்ணு

சுவத்துல இருக்கற சாமி உங்கள மட்டும் பாக்கற மாதிரி எப்பவாவது தோணிருக்கா?

கிட்ட வந்து உக்காருங்க. இது கிரீஸ் நாட்டுக் கியோஸ் தீவுல, என்கூட மீன் படகுல வேலை பாக்கற மிக்கேசோட மாமா சிதேரிசுக்கு நடந்தது.

டிசம்பர் அஞ்சு. சாயங்காலம் ஆறு மணி, நல்லா இருட்டிடுச்சு. பிசின் மரங்களுக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை... சிதேரிஸ் தனியா கோயிலுக்குப் போறாரு. கையில எண்ணெ விளக்கு, உளி. சுண்ணாம்பு எடுத்துக்கல. அத ஞாபகம் வச்சுக்கங்க.

கோயில் சுவத்துல பழைய நிக்கோலா சாமி. வர்ணம் இல்ல, எல்லாம் பொடிப்பொடியா கண்ணாடிக் கல்லு, தங்கக் கல்லு. மூஞ்சி உதிர்ந்துபோச்சுன்னு சிதேரிசும் அவரோட தொழில் கூட்டாளி பாந்தெலிசும் சேர்ந்துதான் திரும்பப் பதிச்சாங்க. பாந்தெலிஸ் ஒவ்வொரு கல்லையும் ஈரச் சுண்ணாம்புல கட்டைவிரலால அழுத்தி, கொஞ்சம் சாய்ச்சு வைப்பாரு. அப்பதான் விளக்கு வெளிச்சத்துல மின்னும். வலது கட்டைவிரல் அவருக்குப் பாதிதான். கல்லு வெட்டறப்ப போனது.

சாமி கண்ண வச்சு முடிச்ச அன்னைக்கே பாந்தெலிஸ் சாரத்துலேர்ந்து விழுந்து செத்தாரு. சாரப் பலகையோட கயித்த அவுத்துவிட்டது சிதேரிஸ். தன் பேரு மட்டும் நிக்கணும்னு. பின்னாடி அவரே சொன்னாரு.

அதுலேர்ந்து சிதேரிஸ் எங்க நின்னாலும் சாமி கண்ணு அந்தப் பக்கமே மின்னுச்சு... நகந்தா, கூடவே நகரும். ஊரே பாத்துச்சு.

காபிக்கடை லூக்காஸ் வேற, "என்னப்பா, சாமி உன்னையே முறைக்கறாரு? அவரு கோழிய அடிச்சுத் தின்னுட்டியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

பாந்தெலிஸ் சம்சாரம் சிரிக்கல. "நாளைக்குத் திருவிழா. அவ்வளவு கூட்டத்துல சாமி யாரப் பாக்கறாருன்னு பாப்போம்"னுச்சு.

அந்தக் கண்ணப் பேத்து எடுக்கத்தான் சிதேரிஸ் போனது.

உள்ள மெழுகு வாசனை. ஏணில ஏறி சாமி கண்ணுல உளிய வச்சாரு.

டிக்... ஒரு கல்லு தரையில விழுந்துச்சு.

டிக்... இன்னொண்ணு.

அப்பதான் மூக்குல ஏறிச்சு... ஈரச் சுண்ணாம்பு வாசனை. கீழ ஏணிப் படி கிறீச்சுன்னுச்சு. அதுக்கு மேல் படி. அதுக்கும் மேல... பொடனில மூச்சு. விளக்கு அணைஞ்சுது.

அதுக்கப்புறம் நடந்தத அவரு யார்கிட்டயும் சொல்லல.

மறுநாள் காலையில பாதர் கதவத் தொறந்தாரு. சாமிக்கு ரெண்டு கண்ணும் முழுசா இருந்துச்சு. சிதேரிஸ் ஏணிக்கடியில உக்காந்திருந்தாரு. அவரு கண்ணு ரெண்டையும் சுண்ணாம்பு வச்சு அடைச்சிருந்துச்சு. ஈரம் காயல. மேல கட்டைவிரல் அழுத்துன தடம். பாதி விரல்.