மூணரை மணி போட்

பேய் வர்றதுக்கு ராத்திரி பன்னெண்டு ஆகணும்னு யாரும் நினைச்சுக்காதீங்க. இது நடந்தது மத்தியானம் மூணே கால் மணிக்கு. சுள்ளுனு வெயில். போட் வந்து நிக்கிற ஜெட்டியிலேர்ந்து லாட்ஜுக்குப் போற ரோடு... ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. ஈ காக்கா இல்லை.

கரண்ட் இப்போதைக்கு வராது. கிட்ட வந்து உக்காருங்க. யாரும் செல்லுல லைட் அடிக்காதீங்க.

நம்ம ஹர்ஷாவோட பெரியம்மா பொண்ணு, மாளவிகா. செம்பாக்கத்துல ஏரியைப் பார்த்த மாதிரி ஃப்ளாட். புருஷன் கிரீஷுக்கு சிறுசேரியில வேலை. அவனுக்கு இது ரெண்டாங் கல்யாணம். மொத பொண்டாட்டி ப்ரியா காய்ச்சல்ல தவறிட்டாள்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டாங்க. எங்க, எப்படின்னு யாரும் தோண்டலை.

ஹனிமூன் எங்கன்னு இவளை ஒரு வார்த்தை கேக்கலை. அந்தமான்ல ஒரு குட்டித் தீவு. கிரீஷுக்கு அதுன்னா உயிர். முன்னெல்லாம் வருஷா வருஷம் போவானாம். கடலுக்குள்ள முக்குளிக்கிற பைத்தியம். "எனக்கு எல்லாம் அத்துப்படி, நீ பெட்டியை மட்டும் தூக்கிட்டு வா"ன்னான்.

நிஜமாவே அத்துப்படிதான். ஆதார் ஜெராக்ஸ் நாலு. அங்க கார்டு தேய்க்க முடியாது, கையில ரொக்கம் இருக்கணும். வாந்தி மாத்திரை கப்பல் ஏற அரை மணி முன்னாடி. பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேர்லதான். நாளைக்கு ரெண்டே போட்... காலைல ஒண்ணு, மத்தியானம் மூணரைக்கு ஒண்ணு. அதை விட்டா விடிஞ்சாத்தான்.

மொத நாள். அவன் கடலுக்குப் போயிட்டான். இவ அந்த ரோட்டுல தனியா நடந்து ரூமுக்கு வந்து படுத்தா. மூணே கால் இருக்கும். பாத்ரூமுக்குள்ளேர்ந்து யாரோ வாந்தி எடுக்கற சத்தம். தைலம் வாசனை. அப்புறம் ஒரு பொம்பளைக் குரல்... ரொம்ப தணிவா...

"போட் போயிடுச்சா?"

பக்கத்து ரூம் ஆளுன்னு நினைச்சா. "இன்னும் இல்லைங்க"ன்னா. உள்ளே செருப்பு சரக், சரக்குனு இழுபட்டு கதவுகிட்ட வந்து நின்னுது. அதுக்குள்ள தூரத்துல போட் ஹாரன். எழுந்து கதவைத் திறந்தா... யாருமில்லை. தரை சொட்டு ஈரமில்லாம காஞ்சு கிடக்கு. பக்கெட்டோட பிடி மட்டும் ஆடிக்கிட்டிருக்கு.

ரெண்டாம் நாள் அதே நேரம், அதே கேள்வி. இந்தத் தடவை பாத்ரூம்லேர்ந்து இல்லை. கட்டிலோட கால்மாட்டுலேர்ந்து.

இவ வெளியே ஓடி வந்துட்டா. லாட்ஜைப் பாத்துக்கற சரசுவும் தமிழ்தான், பிறந்து வளந்தது அந்தத் தீவுல. அவகிட்ட போய் நின்னா. சரசு கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தா. அப்புறம் சொன்னா. நாலு வருஷம் முன்னாடி இதே ரூம்லதான் ப்ரியா காய்ச்சல்ல கிடந்திருக்கா. போட் போயிடுச்சா, போயிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. போட் ஜெட்டியிலதான் நின்னுக்கிட்டிருந்தது.

"சார் போயிடுச்சுன்னு சொல்லிட்டாரும்மா. அன்னிக்கு அவருக்கு முக்குளிக்கப் போக வேண்டியிருந்தது. நான் சந்தைக்குப் போயிருந்தேன், போட் நிக்கிறதை அங்கேர்ந்து பார்த்தேன். வந்து பாக்கும்போது அந்தம்மாவுக்குப் பேச்சு இல்லை."

சாயங்காலம் சாப்பிடும்போது மாளவிகா அவன்கிட்டயே கேட்டா, ப்ரியா எப்படிப் போனான்னு. மீன் முள்ளை எடுத்துக்கிட்டே, தலை நிமிராம சொன்னான், காய்ச்சல்தான், போட் போயிடுச்சு, நான் என்ன பண்றதுன்னு. அப்புறம் இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிக்கிட்டான்.

மறுநாள் காலைல அவனுக்குக் குளிர் காய்ச்சல். பத்து மணிக்குப் பல்லு கிடுகிடுங்குது. மத்தியானம் உடம்பைத் தொட முடியலை, அனலா கொதிக்குது. சரசு தானா ஒரு ஆட்டோவைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினா. ஜெட்டிக்கு ரெண்டு நிமிஷம். ஜன்னல் வழியா பார்த்தா போட் தெரியுது... வெள்ளையா... ஜனங்க ஏறிக்கிட்டிருக்காங்க.

மூணே கால். மாளவிகா பாத்ரூம் கதவையே பார்த்துக்கிட்டு நின்னா. அன்னிக்கு அங்கேர்ந்து யாரும் எதுவும் கேக்கலை.

கட்டில்லேர்ந்து கிரீஷ்தான் கேட்டான். கண்ணைத் திறக்க முடியாம.

"மாளவிகா... போட் போயிடுச்சா?"

அவ ஜன்னலைச் சாத்தினா.

"போயிடுச்சு"ன்னா.

வெளியே போய் ஆட்டோவை அனுப்பிட்டா. ஹாரன் அடிச்சது. உள்ளே அவனுக்கும் கேட்டிருக்கும். அழுதான்னு மாளவிகாதான் பின்னால சொன்னா. விடிகாலைல, மொத போட் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, மூச்சு நின்னுது.

அப்புறம் அவ நடந்ததைச் சொன்னப்போ, வீட்டுல எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னாங்க. ப்ரியாதான் அவ வாயில புகுந்து அப்படிப் பேச வெச்சிருக்கான்னு. அவ ஒத்துக்கவே இல்லை. ஹர்ஷாகிட்ட மெதுவாச் சொன்னாளாம். "நான்தான்டா சொன்னேன். நல்ல நினைவோடதான் சொன்னேன்."

பாடி வந்து சேர ரெண்டு நாள். போஸ்ட்மார்ட்டம், போலீஸ் கடுதாசி, பெட்டி, ஃப்ளைட்டுன்னு அலையவிட்டுட்டாங்க. செம்பாக்கம் ஃப்ளாட் ஹால்ல ஃப்ரீசர் பாக்ஸ். தாம்பரத்துலேர்ந்து ஏசுபாதம்னு ஒருத்தர் கொண்டாந்து வெச்சார். இருபது வருஷமா இதே தொழில். ஹர்ஷாவும் அவருமாத்தான் தூக்கி உள்ளே வெச்சாங்க. நட்ட நடுவுல, நேரா. மாலையும் போட்டாங்க.

சாயங்காலம் ஹர்ஷா அவருக்கு ஃபோன் பண்ணினான். பாக்ஸ் சரியா ஓடலை போலிருக்குண்ணான்னு. அவர் வந்து மோட்டாரைப் பார்த்தார். ஓடுது. வயரைப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி மேல கையை வெச்சு இடது ஓரத்துலேர்ந்து வலது ஓரம் வரைக்கும் தடவிக்கிட்டே போனார்... வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டார்.

"தம்பி, இந்தப் பக்கம் ஜில்லுனு கீது. அந்தப் பக்கம் கொதிக்குது."

அப்பதான் ஹர்ஷா குனிஞ்சு உள்ளே பார்த்தான்.

கிரீஷ் நடுவுல இல்லை. இடது பக்கமா ஒதுங்கி, பாக்ஸ் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டுக் கிடந்தான். மாலை நசுங்கியிருந்தது. பக்கத்துல இன்னொரு ஆள் படுக்கற அளவுக்கு இடம். அந்த இடத்துக்கு நேரே, முகம் இருக்க வேண்டிய உயரத்துல... கண்ணாடியில உள்பக்கமா ஆவி படியுது... மறையுது...

மறுபடியும் படியுது.