யாரும் பாட்டுக் கேட்காத சர்வரில் ஒலி அட்டையைப் பிடித்த அக்காவுக்கு

முரண்டு பிடிக்கும் கணினிகளை முகம் சுளிக்காமல் வழிக்குக் கொண்டுவந்தவரே! முப்பத்தோராண்டுகள் இந்த மருத்துவமனையின் சர்வர்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அக்காவே!

இதைத் தட்டச்சாமல் போனிடம் வாயால் சொல்லியே எழுத்தாக்கியவன் ‘ரீபூட்’, வயது இருபத்தாறு, கடல் கடந்து வந்து மூன்றாம் மாடிக் கணினிப் பிரிவில் இருப்பவன். எது நின்றாலும் முதலில் அணைத்துப் போடப் பார்ப்பதால் நீங்கள் வைத்த பெயர் அது.

அவன் சேர்ந்த இரண்டாம் மாதம், நோயாளிகளின் இதயத்துடிப்பைச் செவிலியர் மேசைக்கு அனுப்பும் சர்வர் அடிக்கடி உறைந்தது. கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களில் ஏதோ இரண்டு மோதுகின்றன என்பது மட்டும் தெரிந்தது. ரீபூட்டுக்கு நெட்வொர்க் டிரைவர் மேல் சந்தேகம். மாடியில் இருந்தபடியே அதை நீக்கினான். கீழ்த்தளத்துச் சர்வருக்குள் அவன் போயிருந்த வழியே அந்த நெட்வொர்க்தான் என்பது, திரை அசையாமல் நின்ற பிறகே உறைத்தது. வேலை போனால் விசாவும் போகும். வீட்டுக்கு என்ன சொல்வது? உங்களிடம் ஓடிவந்து சொன்னான்.

நீங்கள் முதலில் செவிலியர்களை அழைத்துக் கட்டிலருகிலேயே நிற்கச் சொன்னீர்கள். பிறகுதான் அவனைப் பார்த்தீர்கள்.

“சாவிய உள்ள வச்சுட்டுக் கதவப் பூட்டிட்டியா? விடு, நானும் ரெண்டு தடவ பூட்டியிருக்கேன். நட, கீழ போவோம்.”

கீழே சர்வரிலேயே விசைப்பலகையைச் செருகி நெட்வொர்க்கை மீட்டீர்கள். கணினியின் மைய நிரலான கெர்னலைக் கூப்பிட ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டே, அந்தப் பட்டியலை விரல் வைத்து வரிவரியாகப் படித்தீர்கள். ஒரே எண்ணில் இரண்டு பேர்: நெட்வொர்க் அட்டையும், எதற்கென்றே தெரியாத ஓர் ஒலி அட்டையும். ஒலி அட்டையின் டிரைவரை மட்டும் நீக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தீர்கள். அவன் கை விசைப்பலகைப் பக்கம் போனபோதெல்லாம், “ஒண்ண மாத்துனா ஒண்ணப் பாரு தம்பி” என்று தடுத்தீர்கள். சர்வர் உறையவில்லை.

பிழைப்பதிவேட்டில் அவன் தன் தவறை எழுதிக் கையெழுத்திட்டான். பக்கத்தில் நீங்கள், ‘தனியாக விட்டது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். அவன் இன்னும் இங்கே இருப்பது அந்த ஒரு வரியால்.

அதே போல, இந்த மடலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நாங்கள் அனைவரும் கையெழுத்திடுகிறோம். நோய்நொடியின்றி, நடுவில் யாரும் எழுப்பாத தூக்கத்தோடு நெடுங்காலம் வாழுங்கள்.

ஆனால் வரும் திங்கட்கிழமை புதிய கெர்னலுக்கு மாறுகிறோம். விசைப்பலகையை இப்போதே கீழே கொண்டுபோய் வைத்துவிட்டோம். ஆனாலும், அன்று காலை மட்டும் போனை அணைத்து வைக்காதீர்கள், அக்கா.

கணினிப் பிரிவினர்