எழுப்ப முடியாத கோர்மக்

இல்லக்கா, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அது மர்ட்டியோட இடம். இப்ப கவுன்ட்டர்ல நிக்கறாரு, வந்துருவாரு. எழுந்திருங்கன்னு சொல்ற மனுஷன் இல்ல அவரு. பக்கத்துலயே நின்னுக்கிட்டு புல்லாங்குழல வாசிப்பாரு, நமக்குத்தான் சங்கடமாப் போயிடும். இங்க பெஞ்சுக்கு வாங்க. கோட்ட மேல அந்த ஆணில மாட்டுங்க, நெருப்புச் சூட்டுக்குக் காஞ்சுடும். பிள்ளையா? இடிச்சுடுவோம்னு பயப்படாதீங்க, இந்தப் பக்கமா நகத்திக்கறேன். தூங்கறான். நீங்க சத்தமாவே பேசலாம்.

பஸ்ஸா? ஞாயித்துக்கிழமை பஸ் அது நெனச்சாத்தான் வரும். மழை வேற. டிலியா இருக்காளே, அதோ பீர் ஊத்தறவ, அவ கடைதான் இது, பஸ் வந்தா அவளே போயி நிறுத்தி வைப்பா. டிலியா, இந்த அக்காவுக்கு ஒரு சுடு விஸ்கி, கிராம்பு போட்டு. எனக்கு டீ போதும்.

ஆமா, என் பிள்ளைதான். கோர்மக். ஒம்போது மாசம். அந்தச் செம்பட்டை முடி அவங்கப்பா கிட்டேருந்து வந்தது. அதோ சன்னலோரம் ஒருத்தரு தலையக் குனிஞ்சுக்கிட்டு பைப்போட சீவாளிகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு பாருங்க, அவருதான். ஃபின்டன். மழை பெஞ்சா அந்தச் சீவாளிக்கு ஒத்துக்காது, மாமியார் மாதிரி மொகத்தத் தூக்கி வச்சுக்கும். வாயால ஊதற பேக்பைப் இல்லக்கா இது. ஒரு முழங்கையால துருத்திய அடிக்கணும், இன்னொரு முழங்கையால பைய அமுக்கணும், விரல் பாட்டுக்கு விரல் ஓடணும். என் மாமனார் பைப் வாசிச்சாரு, அவரோட அப்பாவும் பைப்தான். மூணு தலைமுறை. எங்க கல்யாணத்தப்ப பாதிரியார் ஜெபத்த முடிக்கறதுக்குள்ள மாமனார் பின்வரிசைல பைப்புப் பைக்குள்ள காத்து ஏத்த ஆரம்பிச்சுட்டாரு.

நானா? பிடில் வாசிப்பேன். பெஞ்சுக்கடியில இருக்கு பெட்டி. இன்னிக்கு எடுக்கல. விரல் ஓடல. ஒண்ணுமில்ல, சும்மாத்தான்.

கேளுங்க, ஆரம்பிச்சுட்டாங்க. மர்ட்டி எடுத்துக் குடுக்கறாரு. இங்க யாரும் காயிதம் வச்சு வாசிக்க மாட்டாங்க. யாரு ஆரம்பிக்கறாங்களோ அவங்க காலத் தூக்கினா அடுத்த மெட்டுக்குத் தாவணும், அவ்ளோதான். அந்தக் கொட்டடிக்கறவன் பாட்ஸி. ஆட்டுத்தோலு அது. ஆடு உசிரோட இருந்தப்பவே தாளத்துக்கு நடந்திருக்கும், இவன் கைக்கு வந்துதான் கெட்டுப்போச்சுன்னு டிலியா சொல்லுவா. பாட்ஸிக்குக் கோவமே வராது. கிறிஸ்துமஸ் அன்னிக்கு கோர்மக் தலைமாட்டுல வந்து நின்னு டம டமன்னு அடிச்சான் பாருங்க, கல்லறைல இருக்கறவன் எழுந்து கிளாஸ் கேப்பான், இவன் உதடு கூடச் சுளிக்கல. அகார்டியன் பெட்டிக்குள்ள கோட்டு விரிச்சுப் போட்டிருந்தேன், அப்படியே கெடந்தான். ஒரே சிரிப்பு. பாட்ஸி தொப்பியக் கழட்டி அவனுக்கு வணக்கம் வச்சான். இவன் பைப்காரன் ரத்தம்டா, வயித்துலயே எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் வந்திருக்கான்னு மர்ட்டி சொன்னாரு. அதுலேருந்து ஊருக்கே அதுதான் பேச்சு. மத்த பிள்ளைங்க கதவு சாத்தினா வீல்னு கத்தும், எம் பிள்ளை ஆறு பிடில், ரெண்டு அகார்டியனுக்கு நடுவுல தூங்குவான். மாமியார் பூசைக்கு வர்றவங்கள எல்லாம் நிறுத்தி வச்சுச் சொல்லுவாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல.

உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? ரெண்டா. தூங்குவாங்களா? ம்... எல்லாம் அப்படித்தான்.

என்ன அடிக்கடி அங்கயே பாக்கறேன்னு கேக்கறீங்களா? ஃபின்டன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. இப்பவே சொல்லியாகணும். மர்ட்டி இந்த மூணு மெட்டையும் முடிச்சா எல்லாரும் கிளாஸுக்கு எழுந்திருப்பாங்க, அந்த இடைவெளியில அவரப் பின்வாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். பீப்பாய் அடுக்கியிருக்கற இடம், யாரும் வர மாட்டாங்க. டிலியா கதவடைக்கறதுக்கு முன்னாடி அவரு ஒரு புது மெட்டு வாசிக்கப் போறாரு. அதுக்குள்ள சொல்லணும். அதுக்கப்பறம் சொன்னா... அதுக்கப்பறம் சொல்லி என்ன.

அது அவரு போட்ட மெட்டுதான். கோர்மக்குக்குப் போட்டது. இங்க பிள்ளை பொறந்தா மெட்டுப் போடறது வழக்கந்தான், கல்யாணத்துக்கும் போடுவாங்க, செத்துப்போன கழுதைக்குக் கூட ஒண்ணு இருக்கு. பேருதான் விஷயம். ‘எழுப்ப முடியாத கோர்மக்’. அதுதான் பேரு. நல்லாருக்கா? எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. இந்த வட்டத்துல ஒரு தடவ பேரச் சொல்லி வாசிச்சாச்சுன்னா திரும்ப வாங்க முடியாதுக்கா. மர்ட்டிக்கு ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும், நாளைக்கே என்னிஸ் டவுன்ல வாசிப்பாரு, அங்கேருந்து எவனாவது கால்வேக்குத் தூக்கிட்டுப் போவான். போட்டவன் பேரு கூட மறந்து போகும், மெட்டுப் பேரு போகாது. எம் பிள்ளை கெழவனானாலும் ஏதோ ஒரு ஊர்ல எவனோ ஒருத்தன் கால் தட்டிக்கிட்டு இதச் சொல்லிட்டு வாசிப்பான்.

இல்ல, மெட்டு மோசமில்ல. அழகான மெட்டு. அதுதான் சொல்றேனே.

சொல்லப் பாத்தேன்க்கா. வியாழக்கிழமை பிள்ளையத் தூக்கிக்கிட்டு கால்வே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன், தடுப்பூசின்னு சொல்லிட்டு. திரும்ப வர்றப்ப பஸ்ல பூரா வாக்கியத்த மனசுக்குள்ள அடுக்கிக்கிட்டே வந்தேன். கான்வென்ட்ல ஒரு சிஸ்டர் இருந்தாங்க, கஷ்டமான விஷயத்த எச்சி முழுங்காம ஒரே மூச்சுல சொல்லிடணும், பாதில நின்னா அது உன்னைத் தின்னுடும்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்தா அவரு கட்டில் விளிம்புல பைப்ப மாட்டிக்கிட்டு, வா வா, ரெண்டாவது பாகம் கெடச்சுருச்சுன்னாரு. நானும் உக்காந்து கேக்க ஆரம்பிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை மாமியார் வந்து உக்காந்துட்டாங்க. நேத்து மாட்டுல பால் கறந்து முடிச்சுட்டு வந்தாரு. பிள்ளை மடியில. நான் மூச்ச இழுத்துட்டேன்க்கா. ஃபின்டன், ஒண்ணு சொல்லணும்னு கூட ஆரம்பிச்சுட்டேன். என்னடின்னு நிமிந்து பாத்தாரு. அவரு மொகம் இருந்த இருப்புக்கு, என் வாயிலேருந்து என்ன வந்துச்சு தெரியுமா? ரெண்டாவது பாகத்துல அந்த இடத்துல கீழ எறங்காதீங்க, மேல ஏறிப் பாருங்கன்னு சொல்லிட்டேன். பிடில் புத்தி. அவரும் உடனே வாசிச்சுப் பாத்து, அடடா, இதுதான்டி இதுதான்னு என் நெத்தில முத்தம் குடுத்தாரு. இப்ப அந்த மெட்டுல பாதி என்னுது.

சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன். அடுப்படிக்குப் போயி சிரிச்சேன்.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. இங்க டிலியாகிட்ட ஒரு வார்த்தை விட்டா மாமியார் காதுக்கு நான் வீடு போறதுக்குள்ள போயிரும். அவங்க கேக்கற மொதக் கேள்வி என்னன்னும் எனக்குத் தெரியும். உங்க பக்கத்துல யாருக்காவது இருந்துச்சாம்மான்னு. எங்க பக்கத்துல யாருக்கும் இல்ல. இருந்தாத்தான் என்ன.

பயமா இருக்குக்கா. அவரு திட்டுவாருன்னு இல்ல, அப்படிப்பட்டவரு இல்ல. பைப்பப் பெட்டில வச்சுப் பூட்டிடுவாரோன்னு. அவங்கப்பா செத்தப்ப ஒரு வருஷம் தொடல அவரு. வீடு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

மூணாவது மெட்டு இது. முடியப் போவுது. என் பின்னலு சரியா இருக்கா? அழுத மாதிரித் தெரியுதா? பிள்ளைய ஒரு நிமிஷம் பாத்துக்குங்க, நான் இப்ப...

ஐயோ. என்ன இது, மர்ட்டி கிளாஸ் எடுக்கப் போகல. ஃபின்டனப் பாத்துத் தலைய ஆட்டறாரு. டிலியா, இப்ப எதுக்கு கவுன்ட்டரத் தட்டற... எல்லாரையும் அமைதியா இருக்கச் சொல்றா. இடைவெளி விடாமயே... இல்லக்கா, இப்பப் போக முடியாது. ஒருத்தரு தனியா வாசிக்கறப்ப நடுவுல நடக்கக் கூடாது. குடிகாரன் கூட நடக்க மாட்டான்.

பேசிப் பேசியே விட்டுட்டேன்.

பேரச் சொல்றாரு பாருங்க. கேட்டுச்சா? எப்படிச் சிரிக்கறாங்க எல்லாரும். இங்கதான் திரும்பிப் பாக்கறாங்க, நீங்களும் கொஞ்சம் சிரிங்க. நானும் சிரிக்கறேன்ல.

மெதுவாப் பேசறேன். இது மொதப் பாகம். தாலாட்டு மாதிரி, ஆனா ஒரு எடத்துல குறும்பாத் துள்ளும், அங்க, அது அவன் எங்க மூக்கப் புடிச்சு இழுக்கறதாம். இந்தா, ரெண்டாவது பாகம். இந்த ஏத்தம் இருக்கே, இது நான் சொன்னது. நல்லாத்தான் இருக்கு. கடவுளே, எவ்ளோ நல்லா இருக்கு.

அச்சச்சோ, உங்க கோட்டுத் தண்ணி சொட்டிருச்சு, அவன் கன்னத்துல. பரவால்ல, பரவால்ல, நீங்க என்ன பண்ணுவீங்க. முழிச்சுட்டான். எழுந்து உக்காந்து அவங்கப்பாவப் பாக்கறான். ஐயோ, எல்லாரும் பாக்கறாங்க. பாட்ஸி கண்ணத் தொடைக்கறான் பாருங்க. தன் மெட்டுக்கு மட்டும் முழிச்சுக்கிட்டான், ரத்தம்டா, ரத்தம்னு மர்ட்டி சொல்றது இங்க வரைக்கும் கேக்குது. கோர்மக் சிரிக்கறான். கையத் தட்டறான்.

மெட்டுக்கு இல்லக்கா. அந்த முழங்கை. முழங்கை மேலயும் கீழயும் போவுதுல்ல, அதுன்னா அவனுக்கு உசிரு. வெள்ளிக்கிழமை ராத்திரி அவரு அடுத்த ரூம்ல இதே மெட்ட வாசிச்சாரு, நான் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு இவன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். கரண்டியக் கடிச்சுக்கிட்டு இருந்தான். அப்பறம் நான் சும்மா என் முழங்கைய இப்படி, இப்படி அடிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சான்.

முடிஞ்சுருச்சு. சபாஷ், சபாஷ்னு சொல்லுங்க, இல்லன்னா ஏதாவது நெனச்சுப்பாங்க. ஃபின்டன் கையக் காட்டறாரு. பிள்ளையக் கொண்டாங்கறாரு. எழுந்து நின்னுட்டாரு, பைய இடுப்புலேருந்து அவுக்காமயே. போறேன். போயி அவரு கைல குடுத்துட்டு, அப்படியே பின்வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். மெட்டு போனாப் போவுது.

நான் எழுந்துக்கறேன்க்கா, அவனக் கொஞ்சம் தூக்கி என் தோள்ல போடுங்களேன். இல்லல்ல, பின்னாலேருந்து வேணாம், தூக்கிவாரிப்போட்டு அழுவான். முன்னாடி வந்து மொதல்ல உங்க மொகத்தக் காட்டுங்க, அப்பறம் தூக்குங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டெல்லாம் பிரயோஜனமில்ல. ரெண்டு காதும் கேக்காது அவனுக்கு. தாங்க, அவரு கை நீட்டிக்கிட்டே நிக்கறாரு.