கோர்டி கழற்றிய கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் எங்கன் அவர்களே, தலைமையாசிரியர் கோர்டி டோலெஃப்சன் அவர்களே, இந்தப் பனியிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்து சேர்ந்த டுலூத் நகரத்து நண்பர்களே,

நம்மை விட்டு மறைந்த விரிவுரையாளர் டாக்டர் லவோன் ஸ்டோர்லி அவர்களுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. "ஓரின், சட்டுனு முடிங்க, காபி ஆறுது" என்பார். பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறைக்காரன் என்ற உரிமையில் இன்று அவர் பேச்சை மீறுகிறேன்.

சிறு வயதில் அடியும் அச்சமும் கண்ட குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது? இதுவே அவருடைய வாழ்நாள் ஆய்வு. பள்ளி பள்ளியாகப் போய், குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து அதைச் செய்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவைத் தட்டி, "லவோன் வரேன்" என்று சொல்லிக் காத்திருப்பார். திடுக்கிட்டுப் போகும் குழந்தைகளுக்காக வந்த பழக்கம். எங்கள் துறைக் கூட்டத்துக்கும் அப்படித்தான் வந்தார். கேலி செய்தோம். விட்டாரா? விடவில்லை.

அடுத்ததைச் சொல்லும்படி கோர்டியே கேட்டுக்கொண்டார். அவர் பள்ளியில் ஒரு சிறுமி, மணி அடித்தாலே மேசைக்கடியில் புகுந்துகொள்வாள். இழுக்க வந்தவர்களைக் கடிப்பாள். அன்றைய வழக்கப்படி அவளைத் தனியறையில் வைத்துப் பூட்டினார்கள். லவோன் போனார், நானும் போனேன்.

"வேணும்னே பண்றா டாக்டர். திமிரு."

"ரோட்டுல மான் குறுக்க பாஞ்சா, யோசிச்சா பிரேக் போடுவீங்க கோர்டி? கால் தானா போகுதுல்ல? அந்தப் புள்ளைக்கு ஒவ்வொரு மணிக்கும் ஒரு மான் பாயுது."

"அதுக்காக? அவ இஷ்டத்துக்கு விட்டுடவா?"

"மொதல்ல என்னை உள்ள வச்சுப் பூட்டுங்க. உங்களுக்கா தோணும்போது திறங்க."

கோர்டி பிடிவாதக்காரர். பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து திறந்தபோது லவோன் நெஞ்சில் கை வைத்தபடி கதவை ஒட்டி நின்றிருந்தார்.

"சாவி யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது. அவளுக்கு ஏழு வயசு, கோர்டி."

மாலையில் கோர்டி திருப்புளியோடு வந்து கதவைக் கழற்றினார். சிறுமி மறுநாளே மாறிவிட்டாள் என்று நான் சொன்னால் லவோன் கோபித்துக்கொள்வார். மேசைக்கடியிலிருந்து அவள் வெளியே வரப் பனிக்காலம் முழுதும் ஆயிற்று. ஆனால் வந்தாள்.

மாவட்டத்தின் மற்றப் பள்ளிகளில் அந்தப் பூட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மூடுவதா வைத்துக்கொள்வதா என்று திங்கட்கிழமை கல்விக் குழு முடிவெடுக்கிறது. அங்கே பேச வேண்டியவர் லவோன். அவர் இல்லை. அதை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அழுகையும் வருகிறது.

இருந்தாலும் போவோம். பின்னால் காபி வைத்திருக்கும் மேசையைப் பாருங்கள். கோர்டி அந்தக் கதவுக்குக் கால் பொருத்தி லவோனுக்குக் கொடுத்த மேசை அது. விரிப்பை விலக்கினால் பூட்டு இருந்த துளை தெரியும். காபியைக் குடித்து முடியுங்கள். திங்கட்கிழமை அந்த மேசையைக் குழுவின் முன் கொண்டுபோய் வைப்போம். நல்ல கனம், தூக்க ஆள் வேண்டும்.

உள்ளே நுழையும் முன் தட்டுவோம். அவர் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம்.