தள்ளி உட்காரு

இரவு ஒன்று இருபது. காணைக்குப் போகும் சாலையில், விழுப்புரம் முடிந்து கரும்பு ஆரம்பிக்கிற இடம். தெருவிளக்கு எங்கள் வீட்டுக்கு முந்நூறு அடி முன்னாலேயே நின்றுவிடும். அதற்கப்புறம் இருட்டு... கரும்புச் சோகை உரசும் சத்தம்... அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து வாசலில் நின்றது.

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் ஜெபமாலை முடிந்த ஓர் இரவு கரண்ட் போய்விட்டது. ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து ஆளுக்கொரு பேய்க் கதை சொன்னார்கள். எல்லாம் தோழியின் மாமாவுக்கும் பக்கத்து ஊர் மருமகளுக்கும் நடந்தவை. என் முறை வந்தபோது நானும் இதைத் தெரிந்த ஒருத்தி வீட்டில் நடந்ததாகத்தான் சொன்னேன். எழுதும்போது அந்த மறைப்பு வேண்டாம். கார் எங்களுடையது. வந்தவர் என் கணவர் இருதயராஜ்.

நெல் அறுக்கும் மிஷின்களுக்கு அவர் மெக்கானிக். அறுப்புக் காலத்தில் ராத்திரி பகல் கிடையாது, எந்த வயலில் மிஷின் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். அதற்காகவே நாலு வருடம் முன்பு அந்த வெள்ளைக் காரைப் பழையதாக வாங்கினார். யாரோ ஓட்டியது. யாரென்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று பதினொன்று நாற்பதுக்கு ஒலக்கூரிலிருந்து பேசினார். வேலை முடிந்ததாம். நெஞ்சு கரிக்கிறதாம், சோடா வாங்கிக் குடித்தாராம். "நீ படு ஜெசி, நான் வந்துகினே இருக்கேன்" என்றார். நான் படுக்கவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன்.

வண்டி வந்தது. இஞ்சின் அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் ‘கர்ர்க்’... தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கதவு திறக்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டுகிற இருக்கை காலி. அவர் இடப் பக்க இருக்கையில் இருந்தார். பெல்ட் போட்டிருந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கையைத் தொட்டேன்... குளிர்ந்து, விரல்கள் விறைக்க ஆரம்பித்திருந்தன. வண்டிக்குள் ஈர மண் வாசனை. அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டைச் செடியில், வேரும் கடலையுமாக வருமே, அது.

உயிர் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே போயிருக்கும் என்றார் டாக்டர். ஒலக்கூரிலிருந்து எங்கள் வீடு ஐம்பது கிலோமீட்டர். யாரோ புண்ணியவான் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜன்னலிலிருந்து கண் எடுக்காமல் பார்த்தவள் நான். அந்தக் காரிலிருந்து யாரும் இறங்கவில்லை.

மகன் தேவாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவனுக்கு இருபத்து மூன்று வயது. திண்டிவனம் பக்கம் செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அப்பாவின் காரை எடுக்க ஆரம்பித்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அப்பா கையைப் பிடித்தமாதிரி இருக்கிறதாம். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவன் திரும்ப நள்ளிரவு ஆனது. இஞ்சின் அணைந்தது. ஹேண்ட் பிரேக் சத்தம். கார்க் கதவு திறந்தது... இடப் பக்கக் கதவு. தேவா கொட்டாவி விட்டபடி அதிலிருந்து இறங்கி வந்தான்.

யார் ஓட்டினது என்று கேட்டேன்.

"நான்தான். வேற யாரு?"

சொல்லிவிட்டுத் திரும்பிக் காரைப் பார்த்தான். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியது வரை ஞாபகம் இருக்கிறதாம். அதற்கப்புறம் நம் வாசல்தானாம். அவன் சிரித்தான். அசதி என்றான். நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. உயிரோடு இருந்தான். இந்த முறை.

அன்றிரவே முடிவு செய்தேன். இந்தக் கார் என் வாசலில் நிற்கக் கூடாது.

தெரிந்தவர்களுக்கு விற்க மனம் வரவில்லை. தெரியாதவர்களுக்கு விற்க வந்தது. அதை மறைக்க மாட்டேன். போனிலேயே பழைய கார் வாங்குகிற கம்பெனிகள் இருக்கின்றன. நம்பரைப் போட்டால் ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பான். அவன் எடுக்கும் படங்களைப் பார்த்து எங்கெங்கோ இருக்கும் வியாபாரிகள் ஏலம் கேட்பார்கள். வாங்குகிறவன் முகத்தை நாம் பார்க்கவே வேண்டாம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆர்சி புத்தகத்தை என் பெயருக்கு மாற்றி, ஆப்பில் விவரம் போட்டேன். விபத்து நடந்ததா என்று கேட்டது. இல்லை. வெள்ளத்தில் மூழ்கியதா? இல்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன்.

போன் நம்பர் கேட்ட இடத்தில் கை தானாக அவர் நம்பரைப் போட்டுவிட்டது. கேஸ் புக்கிங், ரேஷன், தேவாவின் காலேஜ்... பதினைந்து வருடமாக எங்கே கேட்டாலும் அந்த நம்பர்தான் கொடுத்திருக்கிறேன். அந்த சிம் இப்போது தேவாவின் போனில் இருந்தது. ஆகவே ஓடிபி அவனுக்குப் போனது. அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. எதற்கு என்றான், காரை விற்க என்றேன். நாலு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஒரு வாரம் என்னோடு சாப்பிடவில்லை.

காரைப் பார்க்க வந்த பையன் பெயர் சித்தார்த்தன். பட்டப்பகல், பதினொரு மணி வெயில். பானெட்டைத் திறந்து, டயரைத் தட்டி, நூறு படம் எடுத்தான். வாய் ஓயாமல் பேசினான். "வண்டிய கொழந்த மாதிரி வெச்சிருந்திருக்காருக்கா உங்க வீட்டுக்காரரு. என் வண்டியப் பாத்தா அழுவீங்க." கடைசியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம்க்கா என்று கிளம்பினான்.

முக்கால் மணி நேரம் ஆனது. போன் எடுக்கவில்லை.

கார் திரும்பி வந்து, போன இடத்திலேயே அங்குலம் பிசகாமல் நின்றது. வெயில் கண்ணாடியில் அடித்ததால் உள்ளே தெரியவில்லை. இடப் பக்கக் கதவு திறந்தது. சித்தார்த்தன் இறங்கி, வேப்பமர நிழலில் தரையிலேயே உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் சொம்பைக் காலிசெய்தான்.

"பைபாஸ் மொனையில ஒருத்தரு கை காட்னாருக்கா. நிறுத்தினேன். தள்ளி உட்காரு, நான் பாத்துக்கறேன்னாரு. உட்கார்ந்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஏன் உட்கார்ந்தேன்?"

என் கணவராக இருக்குமோ என்று ஒரு கணம்... பாவி மனம் அப்படித்தான் நினைத்தது. ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

முகம் பார்க்கவில்லையாம். ஸ்டியரிங் மேல் இருந்த கையை மட்டும் பார்த்தானாம். நகம் பூராவும் ஈர மண்.

என் கணவரின் நகத்தில் கிரீஸ்தான் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. ஆகவே அது அவர் இல்லை.

சித்தார்த்தன் எழுந்தான். டேப்லெட்டை எடுத்து, வண்டி ஓடும் விதம் ‘நன்று’ என்று பதிந்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டான். சாயந்திரம் ஏலம் முடிந்தது. வந்த விலைக்குச் சம்மதம் என்று அழுத்தினேன். இரண்டாம் நாள் ஓர் ஆள் வந்து காரை எடுத்துப் போனான். சாலை வளைவில் அது மறைந்ததும் உள்ளே போய் முழங்காலில் நின்றேன். நன்றி சொல்லத்தான் நின்றேன். வாயில் வந்ததென்னவோ மன்னிப்பு.

எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ராத்திரி எட்டரை மணி. திண்டிவனத்திலிருந்து தேவா கூப்பிட்டான். குரலில் அத்தனை சந்தோஷம். அப்பா நம்பருக்கு அந்தக் கம்பெனி விளம்பரம் அனுப்பிக்கொண்டே இருந்ததாம். அதில் நம் காரே திரும்ப விற்பனைக்கு வந்திருந்ததாம். சேர்த்துவைத்திருந்த பணத்தையெல்லாம் போட்டு எடுத்துவிட்டானாம். எனக்குத் தெரியாமல், ஆச்சரியப்படுத்த.

"பேப்பரெல்லாம் பக்காம்மா. வாரிசு சர்டிபிகேட் காப்பி கூட வெச்சிருக்காங்க."

யாருடைய வாரிசுச் சான்றிதழ் என்று கேட்டேன். நம்முடையதாகத்தான் இருக்கும் என்றான். பிரித்துப் பார் என்றேன். காகிதம் புரளும் சத்தம்... பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. கண்டமங்கலத்துக்காரர் ஒருவர். இறந்து நாலு மாதம். விற்றது அவர் மனைவி.

அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வா என்றேன். கெஞ்சினேன். அழுதேன். அவன் அப்பாவின் பிடிவாதம் அப்படியே அவனுக்கு. ஒரு மணி நேரம்தானே என்றான். ஏற்கெனவே இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அத்தனையும் சொன்னேன். அப்பா எந்த இருக்கையில் வந்தார், சித்தார்த்தன் எந்தப் பக்கம் இறங்கினான், எல்லாம்.

"தேவா, யாரு கை காட்னாலும் எடத்த மட்டும் விடாதப்பா. தள்ளி உட்காராத."

"சரிம்மா" என்றான். நம்பினானா, என் அழுகைக்காகச் சொன்னானா, தெரியவில்லை.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரை. பத்து. அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பத்தரை. கரும்பு அசையவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பதினொன்று ஐந்துக்கு ஹெட்லைட் வெளிச்சம் சாலை வளைவில் திரும்பியது. கார் மெதுவாக வந்து நின்றது. இஞ்சின் அணைந்தது. ‘கர்ர்க்’...

என் கண் இடப் பக்கக் கதவிலேயே நின்றது. அது திறக்கவில்லை.

வலப் பக்கக் கதவு திறந்தது. தேவா இறங்கினான். நின்றான். நடந்தான். என் பிள்ளை ஓட்டிக்கொண்டு வந்து, ஓட்டுகிறவன் இறங்கும் பக்கம் இறங்கினான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நினைத்தேன்... முடியவில்லை. கேட்டைப் பிடித்த கை வரவில்லை.

அவன் என்னிடம் வரவில்லை. காரைச் சுற்றிப் போய் இடப் பக்கக் கதவைத் திறந்தான். வயதானவர் இறங்கும்போது பிடித்துக்கொள்வோமே, அப்படிக் கதவைப் பிடித்தபடி நின்றான். இருக்கை ‘சொய்’யென்று மூச்சு விட்டது. கார் ஒரு பக்கமாகக் கொஞ்சம் எழும்பியது. தேவா கதவைச் சாத்தினான்.

பிறகுதான் என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அமைதியாக இருந்தான்.

"நீ சொன்னமாதிரியேம்மா. எடத்த விடல. நீங்க தள்ளி உட்காருங்க, நான் ஓட்றேன்னேன். ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்துகினாரு."

எங்கே அவர் என்று கேட்டேன்.

"உள்ள போயிட்டாரே." என் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த எங்கள் வீட்டுக் கதவைக் காட்டினான். "உன்னத் தாண்டித்தான போனாரு. நின்னு உங்கிட்ட ஏதோ கேட்டாரு. நீயும் சரின்னு தலையாட்டினியேம்மா."

எதற்குத் தலையாட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.